ஹட்டன் பக்கத்துத் திருவிழா மேடைகளில் இரண்டு வருடம்: ஸ்கார்லெட் 2ஐ2 பெட்டியும் என் லேப்டாப்பும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லேப்டாப்பை வைத்து மேடையில் வாசிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது லேப்டாப்பின் ஒலியைச் சுத்தமாக வெளியே அனுப்பி, மைக் ஒலியை உள்ளே வாங்கும் பெட்டி, கட்டாயம் வேண்டும். நான் வாங்கியது ஃபோகஸ்ரைட் கம்பெனியின் ஸ்கார்லெட் 2ஐ2, மூன்றாம் தலைமுறை, அந்தச் சிவப்புப் பெட்டி. இரண்டு வருடமாகத் திருவிழா, கல்யாணம், பாடசாலை விழா என்று எல்லாவற்றுக்கும் தூக்கிக்கொண்டு போகிறேன். பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால் பெட்டியை வாங்கிய அன்றே சத்தம் நன்றாகிவிடும் என்று நினைக்காதீர்கள். லேப்டாப்பிலிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் உள்ள பாதை முழுவதும் சரியாக இருந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்கும். அந்தப் பாதையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

எங்கள் குழு சின்னது. நான் கீபோர்ட், ஒரு தம்பி தபேலா, பாட இரண்டு பேர். வயலின், புல்லாங்குழல், பின்னணித் தாளம் எல்லாம் லேப்டாப்பில் இருந்து வரும். இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு காசு சேர்த்துத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். தோட்டத் தொழிலாளர்களின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல்தான், அதற்கு எத்தனை வருடம் போராட வேண்டியிருந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தச் சம்பளத்தில் இருந்து எடுத்துக் கொடுத்த காசுக்கு நாங்கள் போய் கரகர என்ற சத்தத்தைக் கொடுத்துவிட்டு வர முடியாது. நான் இந்த விஷயத்தில் இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் அதுதான்.

பெட்டி வாங்குவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன், நிறையப் பேர் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டம், மாரியம்மன் கோயில் திருவிழா. லேப்டாப்பின் ஹெட்போன் ஜாக்கில் இருந்து ஒரே ஒரு வயர், ஒரு முனையில் சின்ன ஸ்டீரியோ ஜாக், மறுமுனையில் பெரிய ஸ்டீரியோ ஜாக். அதை அப்படியே சவுண்ட்காரரின் மிக்ஸரில் ஒரு சேனலில் குத்தினோம். பாட்டு ஆரம்பித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, சுருதி இல்லை, வயலினின் எதிரொலி மட்டும் எங்கேயோ தூரத்தில் கேட்பது போல மிதந்தது. பாடுகிற அக்கா எதைப் பிடித்துப் பாடுவது என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஸ்டீரியோ ஜாக்கில் ஒரு கம்பியில் இடது பக்கம், இன்னொரு கம்பியில் வலது பக்கம் போகிறது. மிக்ஸரின் அந்த ஓட்டை பேலன்ஸ்டு ஓட்டை. அது இரண்டு கம்பிகளில் வருவதையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிஞ்சுவதைத்தான் எடுக்கும். அப்படிக் கழித்தால் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி இருப்பதெல்லாம் அழிந்துபோகும். பாட்டின் நடுவில் நிற்பவை எவை? குரல், பேஸ், டிரம்ஸ், சுருதி. அவை எல்லாமே போய்விடும், ஓரத்தில் வைத்த சங்கதி மட்டும் மிஞ்சும். இதற்கு மருந்து மிகச் சின்னது: ஒரு சின்ன ஜாக்கில் இருந்து இரண்டு மோனோ ஜாக்காகப் பிரியும் வயரை வாங்கி இரண்டு சேனலில் குத்த வேண்டும். சில நூறு ரூபாய் வயர் இல்லாததால் ஒரு திருவிழா இரவு வீணாகப் போனது. இன்டர்ஃபேஸ் வாங்க வசதி இல்லாதவர்கள் இந்த ஒரு வயரையாவது பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஹெட்போன் ஜாக்கை எக்ஸ்எல்ஆர் முனைக்கு (மைக் வயரில் இருக்கும் மூன்று பின் முனை) மாற்றி மிக்ஸரின் மைக் ஓட்டையில் போடாதீர்கள். அந்த மிக்ஸரில் 48 வோல்ட் பேன்டம் பவர், அதாவது மைக் வயர் வழியாகவே மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் வசதி, போட்டிருந்தால் அந்த மின்சாரம் நேரே லேப்டாப்புக்குள் போகும்.

சரி, இப்போது பெட்டிக்கு வருகிறேன். முன்பக்கம் இரண்டு ஓட்டை, மைக் வயரும் போடலாம், பெரிய ஜாக்கும் போடலாம். ஒவ்வொன்றுக்கும் உள்ளே வரும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகி, அதைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையம். சத்தம் அளவாக இருந்தால் பச்சை, எல்லை தாண்டினால் சிவப்பு. மேடையில் அரைகுறை வெளிச்சத்தில் இந்த வளையம் எவ்வளவு உதவி என்று வாசிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். பெரிய திருகி ஸ்பீக்கருக்கு, சின்னத் திருகி ஹெட்போனுக்கு, இரண்டும் தனித்தனி. பின்பக்கம் இடது வலது என்று இரண்டு பேலன்ஸ்டு ஜாக், ஒரு யூஎஸ்பி-சி ஓட்டை. அவ்வளவுதான். தனி அடாப்டர் கிடையாது, லேப்டாப்பில் இருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கடைசி விஷயம் எங்கள் பக்கத்தில் பெரிய விஷயம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை கரண்ட் போன காலத்தை யாரும் மறக்கவில்லை. இப்போது அப்படி இல்லை என்றாலும், மழைக்காலத்தில் மேல் தோட்டங்களில் ஒரு மரக்கிளை லைனில் விழுந்தால் போதும். கரண்ட் போனால் மிக்ஸரும் ஸ்பீக்கரும் நின்றுவிடும், ஆனால் லேப்டாப்பும் பெட்டியும் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெனரேட்டர் போட்டதும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். ஒன்று மட்டும் கவனம், கரண்ட் திரும்பி வருவதற்கு முன் மிக்ஸரின் ஃபேடரை இறக்கி வைத்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரைப் போடும்போது கடைசியாகப் போட வேண்டும், நிறுத்தும்போது முதலில் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வருகிற அந்த 'டொம்' சத்தம் ஸ்பீக்கரைக் கொன்றுவிடும்.

ஒலித் தரம் பற்றிச் சொன்னால், பெட்டி 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் என்று அட்டையில் போட்டிருக்கும். கிலோஹெர்ட்ஸ் எண் இங்கே ஒலியை வினாடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளக்கிறது என்ற கணக்கு. மேடைக்கு 192 எதற்கும் உதவாது, லேப்டாப்புக்குத்தான் சுமை. 44.1 அல்லது 48இல் வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். நான் கேட்டு உணர்ந்த வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது: பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் உள்ள அமைதி. முன்பு லேப்டாப் ஜாக்கில் இருந்து சத்தம் கூட்டினால் அடியில் 'உஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் எப்போதும் இருக்கும், மவுஸை அசைத்தால் 'கிர்ர்' என்று ஒன்று சேரும். பெட்டியில் இருந்து எடுத்தபோது அது போய்விட்டது. தம்பூராவின் மெல்லிய கார்வை கூட்டத்தின் கடைசி வரிசை வரை சுத்தமாகப் போனதை நான் இறங்கிப் போய் நின்று கேட்டேன்.

ஆனால் முதல் நிகழ்ச்சியிலேயே 'ம்ம்ம்' என்ற ஹம் சத்தம் வந்தது, பெட்டி இருந்தும். இங்கேதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். லேப்டாப் சார்ஜரை மண்டபத்தின் ஒரு பிளக்கில் குத்தியிருந்தோம், மிக்ஸருக்கு மின்சாரம் வேறு ஒரு இடத்தில் இருந்து வந்தது. இரண்டுக்கும் எர்த் இருக்கிறது, ஆனால் இரண்டு எர்த்தும் ஒரே அளவில் இல்லை. அதனால் நம் ஆடியோ வயரின் வெளிக்கம்பி வழியாக ஒரு சுற்று உண்டாகி, நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் முனகல் அப்படியே ஸ்பீக்கரில் வருகிறது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். சார்ஜரைக் கழற்றியவுடன் சத்தம் நின்றது. அதுதான் சோதனை, வேறு எதுவும் தேவையில்லை.

அப்போது ஒரு அண்ணன் ஓடி வந்து, சார்ஜர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்றார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹம் நிற்கும், உண்மைதான், ஆனால் எங்கேயாவது ஒரு கோளாறு வந்தால் கரண்ட் போக வழி இல்லாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவர் மேல்தான் போகும். தரை ஈரமாகக் கிடக்கிற மலையில், செருப்பில்லாமல் கோயில் மேடையில் நிற்கிறவர்கள் மேல். இரண்டு பின் சார்ஜர் உள்ள லேப்டாப்பின் இரும்பு உடலைத் தொட்டால் 'சுருக்' என்று ஒரு சின்ன உணர்வு வருமே, அது சார்ஜருக்குள் இருந்து கசிகிற மிகச் சிறிய மின்சாரம். அதுவும் ஆடியோவில் இரைச்சலாகக் கேட்கும்.

சரியான வழிகள் இரண்டு. பெட்டியின் பின்னால் இருந்து மிக்ஸர் வரை நல்ல பேலன்ஸ்டு வயர், அதாவது இரண்டு முனையிலும் மூன்று பகுதி உள்ள ஜாக், அல்லது மறுமுனையில் எக்ஸ்எல்ஆர். இதுவே பாதி இரைச்சலைக் கொன்றுவிடும், வயர் நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. அப்படியும் நிற்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன்) பெட்டி ஒன்றை நடுவில் போட வேண்டும். அதற்குள் இரு பக்கத்துக்கும் நடுவில் நேரடிக் கம்பி இல்லை, காந்தம் வழியாகத்தான் ஒலி தாண்டும். அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்சும் இருக்கும், அதைப் போட்டால் எர்த் சுற்று அறுந்துவிடும். நான் ஒரு சாதாரண பேசிவ் டிஐ (தனி மின்சாரம் தேவையில்லாதது) வாங்கினேன், இரண்டு வருடத்தில் பழைய மண்டபங்களில் நான்கைந்து தடவை அது எங்களைக் காப்பாற்றியது. டிஐயில் இருந்து வருவது மைக் அளவு ஒலி, எனவே மிக்ஸரின் மைக் ஓட்டையில்தான் போட வேண்டும்.

சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் வாசித்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன், உடனே வேறு சிக்கல் வந்தது. பேட்டரிக்கு மாறியதும் விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க லேப்டாப்பின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது, பாட்டின் நடுவில் 'டிக் டிக்' என்று வெடிப்புச் சத்தம். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்ற வேண்டும், பேட்டரியில் ஓடும்போதும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்ற ஒன்று அதே இடத்தில் இருக்கும், அதை நிறுத்த வேண்டும். வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைக்க வேண்டும், என் லேப்டாப்பில் வெடிப்புக்கு முக்கியக் காரணம் வைஃபைதான். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எது தொந்தரவு செய்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

டிரைவர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். விண்டோஸில் பெட்டியைச் சொருகினால் சத்தம் வந்துவிடும், அதை நம்பி நின்றுவிடாதீர்கள். ஃபோகஸ்ரைட்டின் சொந்த ஆசியோ டிரைவரைப் போட வேண்டும். ஆசியோ என்பது ஸ்டைன்பெர்க் கம்பெனி உருவாக்கிய வழி, விண்டோஸின் சாதாரண ஒலிப் பாதையைச் சுற்றிக்கொண்டு மென்பொருளையும் பெட்டியையும் நேராகப் பேச வைக்கும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை இல்லை. ஆசியோவில் பஃபர் என்று ஒரு எண் இருக்கும், ஒரு தடவைக்கு எத்தனை ஒலி அளவுகளைச் சேர்த்து அனுப்புவது என்பது அது. கீபோர்டை அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் உள்ள இடைவெளியைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 என்று வைத்தால் பஃபரின் பங்கு 2.7 மில்லிசெகண்ட், 512 வைத்தால் 10.7. மற்றச் சின்னத் தாமதங்களும் இதோடு சேரும். ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது, ஆகவே ஸ்பீக்கர் பத்தடி தள்ளி இருந்தாலே 9 மில்லிசெகண்ட் ஆகிவிடும். நான் வாசிக்கும் நிகழ்ச்சிக்கு 128, வெறும் டிராக் (முன்பே பதிந்து வைத்த பின்னணி இசை) மட்டும் ஓட்டும்போது 512. டிராக்குக்குத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை, வெடிப்பு வராமல் இருப்பதுதான் முக்கியம்.

டிரைவரையும் மென்பொருளையும் வீட்டிலேயே இறக்கி, பதிவு செய்து, ஒரு முறை இணையம் இல்லாமல் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தில் சில தோட்டப் பிரிவுகளில் போனுக்கே சிக்னல் வராது. விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்தி வையுங்கள். அப்புறம் விண்டோஸின் 'டிங்' சத்தங்கள். லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரை டிஃபால்ட்டாக வைத்து, இசை மென்பொருளை மட்டும் பெட்டிக்கு அனுப்பினால் அவை மேடைக்குப் போகாது.

இந்தப் பெட்டியில் குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான், அதுவும் தெரிந்து வாங்கியது. வெளியே போவது இரண்டு வழிதான், ஹெட்போனில் கேட்பதும் அதே இரண்டு. டிராக்கோடு ஒட்டி வாசிக்கத் தபேலாத் தம்பிக்கு காதில் தாளக் கணக்கைக் காட்டும் 'கிளிக்' சத்தம் ஒன்று வேண்டும், ஆனால் அது ஸ்பீக்கரில் வரக்கூடாது. நான்கு வழி உள்ள 4ஐ4 வாங்கினால் சுலபம், விலை அதிகம். நாங்கள் கண்டுபிடித்த வழி இதுதான்: டிராக் முழுவதையும் மோனோவாக்கி வலது பக்கம், கிளிக்கை இடது பக்கம். மிக்ஸருக்கு வலது ஜாக் மட்டும் போகும். ஹெட்போனில் தம்பிக்கு இரண்டும் கேட்கும். ஸ்டீரியோ போய்விடுகிறதே என்றால், தோட்டத்துக் கோயிலில் லயத்துக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மேலே ஒரு குழல் ஸ்பீக்கர், கீழே தேயிலை மலைப்பக்கம் ஒரு குழல் ஸ்பீக்கர் என்று கட்டியிருப்பார்கள், அங்கே ஸ்டீரியோவுக்கு அர்த்தமே இல்லை. மேல் லயத்தில் இருப்பவருக்கு வயலின் மட்டும், கீழ் லயத்துக்காரருக்குப் புல்லாங்குழல் மட்டும் கேட்டால் எப்படி இருக்கும்? மோனோதான் சரி.

பதிவுக்கும் பயன்படுத்தினேன். போன மாசியில் காமன் கூத்துக்கு அடித்த தப்பு மேளத்தை இரண்டு மைக் வைத்து எடுத்தேன். பனியில் தோல் தளர்ந்துவிடும் என்று நடுவில் நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பார்கள், காய்ச்சியவுடன் வருகிற அந்த முதல் அடி சாதாரணச் சத்தம் இல்லை. கெயின் திருகியை ஏறக்குறைய அடிமட்டத்தில் வைத்து, மைக்கையும் இரண்டடி தள்ளி வைத்த பிறகுதான் வளையம் பச்சையில் நின்றது. பதிவு அருமையாக வந்தது. மேல் ஒலியைக் கொஞ்சம் தெளிவாக்கும் 'ஏர்' பொத்தானைத் தப்புக்கு நான் போடவில்லை, பாடுகிறவர் குரலுக்கு நன்றாக இருந்தது. லேப்டாப்பில் கிடைக்கிற எந்தத் தாள ஒலியும் இந்தத் தப்புக்குப் பக்கத்தில் வராது, அதனால் தப்புக்காரர்கள் வருகிற மேடையில் நான் டிராக்கில் இருந்து டிரம்ஸை எடுத்துவிடுவேன்.

பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே போடுகிற கோப்பு மட்டமாக இருந்தால் வெளியேயும் மட்டம்தான் வரும். போனில் இருந்து போனுக்கு மாறி மாறி வந்த எம்பி3யைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டால் தாளத்தின் ஜால்ரா ஒலி தண்ணீரில் முங்கியது போலக் கேட்கும். ஒலியை வெட்டிச் சுருக்காத வேவ் அல்லது ஃபிளாக் கோப்பு வேண்டும், முடியாவிட்டால் 320 கேபிபிஎஸ் எம்பி3. புளூடூத் வழியாக மேடைக்கு அனுப்பவே கூடாது, தாமதமும் உண்டு, பாதியில் அறுந்தும் போகும்.

நம் குளிருக்கும் ஈரத்துக்கும் ஒரு வார்த்தை. தென்மேல் பருவமழைக் காலத்தில் ஹட்டனில் சட்டையே பூசணம் பிடிக்கும், திருகிகளும் ஜாக்குகளும் மட்டும் தப்புமா. மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன், இதுவரை ஒரு திருகியும் கரகரக்கவில்லை. பனியில் வந்த பெட்டியைக் கூட்டம் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுபோனவுடன் போடாமல் இருபது நிமிடம் விடுவது நல்லது, கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணாடியில் நீர் பூப்பது போல உள்ளேயும் பூக்கும். யூஎஸ்பி வயருக்குப் பூட்டு இல்லை, ஒருவர் கால் பட்டால் கழன்றுவிடும், எனவே வயரை மேசைக் காலோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

2022இல் ரூபாய் விழுந்த பிறகு புதுப்பெட்டியின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது, நான் கண்டியில் ஒரு இசைக்காரரிடம் பழையதாக வாங்கினேன். பழையது வாங்கப் போனால் உங்கள் லேப்டாப், ஹெட்போன், ஒரு மைக் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு மைக் வழியையும் பேசிப் பாருங்கள், 48 வோல்ட் வேலை செய்கிறதா என்று அந்த மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக் ஒன்றை வைத்துப் பாருங்கள், எல்லாத் திருகியையும் மெதுவாகத் திருகி கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள், யூஎஸ்பி வயரைச் சொருகி லேசாக ஆட்டுங்கள், அப்போது பெட்டி அணைந்து எரிந்தால் வாங்க வேண்டாம். 2023இல் நான்காம் தலைமுறை வந்துவிட்டது, கெயினைத் தானே சரிசெய்து கொள்ளும் வசதியெல்லாம் அதில் உண்டு. அதனால் மூன்றாம் தலைமுறையை இப்போது கொஞ்சம் பேரம் பேசியே வாங்கலாம். மிச்சமாகும் காசில் இரண்டு நல்ல பேலன்ஸ்டு வயரும் ஒரு டிஐ பெட்டியும் வாங்கிவிடுங்கள்.